விலகிப் பறந்தவர் ஒருவர்தான்: ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தின் போலந்துக் காட்சி

1940இல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த வான்போரான ‘பிரிட்டன் போர்’ பற்றி 1969 செப்டம்பரில் திரைக்கு வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் போலந்து விமானிகள் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் படம் பார்த்தவர்கள் மறக்காமல் சொல்லும் காட்சி அவர்களுடையது. ஒரு பயிற்சிப் பறப்பு. முன்னால் ஆங்கிலேய ஸ்குவாட்ரன் லீடர் (விமானப் படைப்பிரிவின் தலைவர்), பின்னால் ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களில் போலந்துக்காரர்கள். வழியில் ஜெர்மன் விமானங்கள் கண்ணில் படுகின்றன. பயிற்சியில் இருப்பவர்கள் சண்டைக்குப் போகக் கூடாது, அணியை விட்டு நகரக் கூடாது என்று லீடர் ரேடியோவில் சொல்கிறார். பதிலுக்கு வருவது ‘ரிப்பீட் ப்ளீஸ்’. உத்தரவு காதில் விழாதது போல, மொழி புரியாதது போல, ஒருவர் பின் ஒருவராக நழுவுகிறார்கள். லீடர் திரும்பிப் பார்க்கும்போது பின்னால் யாருமே இல்லை.

முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தேன், பெருமைப்பட்டேன். நாட்டை இழந்தவர்கள், கையில் ஆயுதம் கிடைத்ததும் எதிரி மேல் பாய்கிறார்கள், யாருக்குத்தான் பிடிக்காது? பிறகு, பிரிட்டிஷ் விமானப்படையில் போலந்து விமானிகள் பறந்த 303ஆம் ஸ்குவாட்ரனின் வரலாற்றைப் படித்தேன். இந்தக் காட்சிக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு நாள் இருக்கிறது, ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தது. அந்த நாளில் நடந்ததையும் திரையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் என்னால் பழையபடி சிரிக்க முடியவில்லை. காட்சி போலந்துக்காரர்களைத் திட்டவில்லை, புகழத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குள் அவர்களுடைய தொழில்திறமை காணாமல் போயிருக்கிறது. அது எப்படிப் போனது என்பதுதான் இந்த ஆய்வு.

1940 ஆகஸ்ட் 30

இடம், லண்டனுக்கு மேற்கே நார்த்தோல்ட் விமானத்தளம். 303ஆம் ஸ்குவாட்ரன் அங்கே அமைக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ் தரப்பில் தலைமை ரொனால்ட் கெல்லட். அவருக்குக் கீழே இரண்டு ஃபிளைட் கமாண்டர்கள்: கனடாக்காரர் ஜான் கென்ட், ஆங்கிலேயர் ஆதல் ஃபோர்ப்ஸ். போலந்துத் தரப்பில் தலைமை ஸ்டிஸ்வாஃப் கிராஸ்னொடெம்ப்ஸ்கி. போருக்கு அனுப்பத் தகுதியானது என்று ஸ்குவாட்ரன் இன்னும் அறிவிக்கப்படவில்லை. அன்று மாலை பிரிட்டனின் சொந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களை எதிரியாகப் பாவித்து இடைமறிக்கும் பயிற்சிக்காகக் கிளம்பினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் பறந்துகொண்டிருந்தபோது லுட்விக் பாஷ்கியெவிச் என்ற விமானி எதிரி விமானங்களைப் பார்த்துவிட்டார். ரேடியோவில் கெல்லட்டுக்குச் சொன்னார். பதில் வரவில்லை. அவர் அணியிலிருந்து பிரிந்து போய்த் தாக்கினார். ஒரு ஜெர்மன் விமானம் விழுந்தது. தான் வீழ்த்தியது டார்னியர் 17 என்ற குண்டுவீச்சு விமானம் என்று அவர் நினைத்தார். அது இரட்டை இன்ஜின் கொண்ட மெஸர்ஷ்மிட் 110 போர் விமானம் என்று பிற்காலத்தில் தெரியவந்தது.

அப்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கெல்லட்டோடுதான் இருந்தார்கள். தற்காப்புக்கு வழியில்லாமல் நடுவானில் மாட்டிக்கொண்ட பிளென்ஹைம்களைப் பத்திரமாக அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். இந்த ஒரு விவரத்தைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் போலந்துக்காரர்கள்தான். அதே வார்சா மேல்தான் அவர்கள் கண் முன்னாலும் குண்டு விழுந்தது. அதே ஆத்திரம் அவர்களுக்கும் இருந்திருக்கும். கொடுத்த வேலையை விட்டு அவர்கள் அசையவில்லை.

தரையிறங்கியதும் பாஷ்கியெவிச்சுக்குக் கண்டிப்பும் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. கெல்லட் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாள் ஆகஸ்ட் 31 அன்று 303 போருக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டு, அன்றே சண்டையில் இறங்கியது.

சரி, திரையில் என்ன ஆனது? ஒருவர் செய்தது எல்லோரும் செய்ததாக மாறியது. அவர் முதலில் தகவல் சொன்னார், பதிலுக்குக் காத்திருந்தார் என்பது அப்படியே போய்விட்டது; அதற்குப் பதில் உத்தரவைக் கேட்டும் கேட்காதது போல் நடிக்கும் குறும்பு வந்து உட்கார்ந்தது. பிளென்ஹைம்களைக் காவல் காத்தவர்கள் கதையிலேயே இல்லை. சினிமாவுக்காகச் சுருக்கினார்கள் என்று சொல்லலாம். சுருக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் திசையில் சுருக்குகிறோம் என்று ஒன்று இருக்கிறது. இந்தச் சுருக்கத்தில் ஒரு மனிதரின் முடிவு ஒரு நாட்டின் சுபாவமாகிவிட்டது. ஸ்டீரியோடைப் உருவாகும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியாது.

யார் இந்த விடலைகள்?

திரையில் பார்க்கும்போது இவர்கள் துடிப்பான பையன்கள் என்றே தோன்றும். பாஷ்கியெவிச் பிறந்தது 1907 அக்டோபரில். அந்த ஆகஸ்ட் மாலையில் அவருக்கு 32 வயது. கிராஸ்னொடெம்ப்ஸ்கிக்கு 36. அவருக்குப் பின் ஸ்குவாட்ரனை நடத்திய விட்டோல்ட் உர்பானொவிச்சுக்கு 32; டெம்ப்ளின் விமானப் பள்ளியில் பயிற்சி கொடுத்தவர் அவர். அதே மாதம் பிரிட்டிஷ் விமானப்படையான ராயல் ஏர்ஃபோர்ஸில் பல ஸ்குவாட்ரன்களுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த ஆங்கிலேய இளைஞர்கள் 19, 20 வயதுக்காரர்கள். ஹரிகேனில் சில மணி நேரம் மட்டுமே பறந்திருந்தார்கள். அனுபவத்தைப் பார்த்தால் ஆசிரியர் நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள் போலந்துக்காரர்கள். படம் அவர்களை மாணவர் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது.

அவர்கள் கடந்து வந்த பாதையையும் நினைக்க வேண்டும். 1939 செப்டம்பரில் போலந்தில் சண்டை. தோற்றபின் ருமேனியா. அங்கே முகாமிலிருந்து தப்பி பிரான்ஸ். 1940 ஜூனில் பிரான்ஸும் விழுந்தது. மறுபடி கப்பல், மறுபடி ஓட்டம். பிரிட்டன் வந்து சேரும்போது பலர் இரண்டு போர்களைப் பார்த்து முடித்திருந்தார்கள். கிராஸ்னொடெம்ப்ஸ்கியின் மனைவி போலந்திலேயே இருந்தார். இத்தனையும் கடந்து வந்தவர்களுக்கு ஆத்திரம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு மட்டும் எவரும் எதிரி விமானத்தை வீழ்த்திவிட முடியாது.

கண்ணும் தூரமும்

பாஷ்கியெவிச் எதிரியை எப்படி முதலில் பார்த்தார் என்று படம் கேட்கவில்லை. நியாயமாக முதலில் எழ வேண்டிய கேள்வி அது. ராயல் ஏர்ஃபோர்ஸ் அப்போது மும்மூன்று விமானங்களாக நெருக்கி அடுக்கிப் பறந்தது. பின்னால் வருபவர் முன்னால் இருப்பவரின் இறக்கையோடு மோதிவிடாமல் இருக்க அதையே பார்த்துக்கொண்டு வர வேண்டும். வானத்தைப் பார்க்க நேரம் கிடைக்காது. பல பிரிட்டிஷ் விமானிகள் தங்களை யார் சுட்டார் என்று தெரியாமலேயே இறந்தார்கள். ஜெர்மானியர்கள் இரண்டிரண்டாக, இடைவெளி விட்டுப் பறந்தார்கள். போலந்துப் பயிற்சியில் கண்ணுக்குத் தனி இடம் இருந்தது: தலையைத் திருப்பிக்கொண்டே இரு, சூரியன் இருக்கும் பக்கத்தைப் பார், மேலே பார், பின்னால் பார். போலந்தில் அவர்கள் ஓட்டியது பிஇசட்எல் பி.11. திறந்த காக்பிட், மடக்க முடியாத சக்கரங்கள், மெதுவான வேகம். ஜெர்மன் விமானத்தைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. முன்கூட்டியே பார்த்து, நல்ல இடம் பிடித்துக் காத்திருந்தால்தான் உண்டு. ரேடார் கோபுரங்களும் கட்டுப்பாட்டு அறையும் சொல்லும் திசையில் பறக்கப் பழகிய பிரிட்டிஷ் விமானிக்கு இந்தக் கட்டாயம் அவ்வளவாக இருந்ததில்லை.

அப்புறம் சுடும் தூரம். பி.11இல் பெரும்பாலும் இரண்டே இயந்திரத் துப்பாக்கிகள். ஹரிகேனில் எட்டு. போருக்கு முன் பிரிட்டிஷ் வழக்கம், எட்டுத் துப்பாக்கிகளின் குண்டுகளும் 400 கஜம் தள்ளிக் குவியும்படி வைப்பது. அனுபவப்பட்ட சில ஸ்குவாட்ரன்கள் அதை 250 கஜத்துக்குக் குறைத்தன. போலந்து விமானிகள் இன்னும் நெருங்கினார்கள். 200 கஜம், 100 கஜம், சில சமயம் அதற்கும் உள்ளே. இரண்டு துப்பாக்கியோடு பழகியவருக்கு வேறு வழியே இருந்ததில்லை; பக்கத்தில் போய்ச் சுட்டால்தான் விழும் என்று கை கற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கையில் எட்டுத் துப்பாக்கி கிடைத்தபோது என்ன ஆகும் என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘வெறி’. மோதுவது போல் போகிறார்கள், உயிருக்குப் பயமில்லை, ரத்தத்திலேயே அப்படி என்றார்கள். எனக்கு இது ஒரு தச்சர் உளியை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார் என்பது போன்ற விஷயமாகவே படுகிறது. பழக்கமும் கணக்கும் சேர்ந்த வேலை.

அந்த வேலையின் பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. தாமதமாகக் களமிறங்கியும், ஹரிகேன் ஸ்குவாட்ரன்களில் அதிக விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவானது 303தான்: 126. பிற்காலத்தில் ஜெர்மன் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள் உண்மை எண்ணிக்கை இதில் பாதிக்கும் குறைவு என்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு பொய்ப் பிம்பத்தைக் கட்டுகிறேன் என்று ஆகும். ஆனால் அந்தக் கோடையில் எல்லோருடைய கணக்கும் இப்படித்தான் ஊதியிருந்தது. செப்டம்பர் 15 அன்று மட்டும் 185 ஜெர்மன் விமானங்கள் விழுந்ததாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை சுமார் 60. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்துக் குறைத்தாலும் 303 முன்வரிசையில்தான் நிற்கிறது.

‘ரிப்பீட் ப்ளீஸ்’

படத்தில் மொழிதான் சிரிப்புக்கு அடிப்படை. போலிஷ் பேச்சு என்பது ரேடியோவில் பயிற்சியாளர் அடக்க வேண்டிய சலசலப்பு. அதே படத்தில் எதிரிகளான ஜெர்மானியர்கள் தங்கள் சொந்த மொழியில் பேசுகிறார்கள், கீழே சப்டைட்டில் வருகிறது, அவர்களுக்குள் விவாதமும் வருத்தமும் கோபமும் இருக்கின்றன. எதிரிக்கு இத்தனை மரியாதை கொடுத்த படம், கூடவே நின்று சண்டை போட்ட நண்பனுக்கு ஒரு நல்ல உரையாடல்கூட எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நார்த்தோல்ட்டில் மொழிப் பிரச்சினை இருந்தது உண்மை. ஆனால் அது இதைவிடச் சுவாரசியமானது. கெல்லட்டுக்கும் ஃபோர்ப்ஸுக்கும் பிரெஞ்சு தெரியும். பிரான்ஸ் வழியாக வந்த போலந்துக்காரர்களில் பலருக்கும் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். ஆக, ஆங்கிலேயத் தளத்தில் போலந்து ஸ்குவாட்ரனின் ஆரம்ப நாள்கள் மூன்றாவது ஒரு மொழியை வைத்துக்கொண்டுதான் ஓடின. பிறகு ரேடியோ மொழி. அது ஆங்கிலம் தெரிந்தவருக்கே தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாஷை. ‘ஏஞ்சல்ஸ் 15’ என்றால் 15,000 அடி உயரம். ‘பேண்டிட்ஸ்’ என்றால் எதிரி விமானங்கள். ‘பான்கேக்’ என்றால் தரையிறங்கு. இதைப் பழக்குவதற்காக அந்த முப்பது வயதுக்காரர்களை ரேடியோ பொருத்திய மூன்று சக்கர சைக்கிள்களில் ஏற்றி, மைதானத்தில் அணிவகுத்து மிதிக்க வைத்தார்கள். காதில் வரும் உத்தரவுப்படி இடம் திரும்பு, வலம் திரும்பு. அவர்களுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! இருந்தும் மிதித்தார்கள்.

விமானத்துக்குள்ளும் எல்லாமே தலைகீழ். அவர்களுடைய உயரமானி மீட்டரில் காட்டும், ஹரிகேனில் அடி. வேகம் கிலோமீட்டரில் பழகியவர்களுக்கு மைல். போலந்து விமானத்தில் வேகம் கூட்ட த்ராட்டிலைப் பின்னால் இழுக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். பத்து வருடம் பழகிய கை, அவசரத்தில் பழைய திசையில்தான் போகும். பி.11இல் சக்கரம் எப்போதும் கீழேயே இருக்கும். ஹரிகேனில் ஞாபகம் வைத்து இறக்க வேண்டும். மறந்துபோய் வயிற்றால் தரையிறங்கிய சம்பவங்கள் அந்த முதல் வாரங்களில் நடந்தன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது கவனக்குறைவு. ‘இந்த வெளிநாட்டுக்காரர்களே இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால், சில வாரங்களுக்குள் தன் கையையும் காலையும் காதையும் மாற்றிக்கொண்டவர்களின் கடும் உழைப்பு தெரியும். ஒரு நல்ல இயக்குநருக்கு இந்த ஒரு விஷயமே ஒரு மணி நேரப் படம்.

பிம்பம் எங்கிருந்து வந்தது

படம் எடுத்தவர்கள் இதைக் கற்பனையாகக் கண்டுபிடிக்கவில்லை. போர்க்காலத்திலேயே பிம்பம் இருந்தது, அதுவும் இரண்டு கட்டமாக. முதல் கட்டத்தில் போலந்து விமானப்படை என்றால் மூன்றே நாளில், தரையில் நின்றபடியே அழிந்த படை. இது ஜெர்மன் பிரசாரம் ஊதிய கதை. தாக்குதல் தொடங்கும் முன்பே போலந்துக்காரர்கள் தங்கள் போர் விமானங்களை வேறு தளங்களுக்கு நகர்த்தியிருந்தார்கள். அங்கிருந்து எழும்பிச் சண்டை போட்டார்கள். ஆனால் கதைதான் முதலில் பரவியது. தன்னைப் போலந்து ஸ்குவாட்ரனுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் மனம் உடைந்ததாகவும், மூன்று நாள் தாங்கிய படை என்பது மட்டுமே தனக்கு அப்போது தெரியும் என்றும் ஜான் கென்ட் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டின் தலைவர் ஹ்யூ டௌடிங்குக்கும் ஆரம்பத்தில் இவர்களைப் பற்றித் தயக்கம் இருந்தது.

இரண்டாவது கட்டம் 1940 செப்டம்பர். வெற்றிகள் குவிந்ததும் பத்திரிகைகள் அப்படியே மறுபக்கம் சாய்ந்தன. இப்போது போலந்துக்காரர் அச்சமே இல்லாதவர், பெண்களைக் கவர்பவர், பழிவாங்கும் தாகத்தில் எரிபவர். செப்டம்பர் 26 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜே நார்த்தோல்ட்டுக்கு வந்தார். இரண்டு பிம்பத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: இவர்கள் நிதானமாக யோசித்து வேலை செய்பவர்கள் என்று இரண்டுமே ஒப்புக்கொள்ளவில்லை. யோசிப்பது ஆங்கிலேயரின் வேலை, பாய்வது இவர்கள் வேலை. 29 வருடம் கழித்துப் படம் எடுத்தவர்கள் இந்த இரண்டாவது பிம்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கூடவே இருந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனம் உடைந்து வந்த கென்ட், பிற்பாடு போலந்துக்காரர்கள் தன்னை ‘கென்டோவ்ஸ்கி’ என்று கூப்பிட்டதைப் பெருமையாக வைத்துக்கொண்டார். டௌடிங் தன் கருத்தை வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார். போலந்து ஸ்குவாட்ரன்களின் பங்களிப்பு இல்லாமல் போயிருந்தால் போரின் முடிவு இப்படியே இருந்திருக்கும் என்று சொல்லத் தயங்குவேன் என்று எழுதினார்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் யோசஃப் ஃப்ரான்டிஷெக். அணியை விட்டுத் தனியே போய் வேட்டையாடும் பழக்கம் 303இல் ஒருவருக்கு உண்மையிலேயே இருந்தது. பிரிந்து போவார், திரும்பிப் போகும் ஜெர்மன் விமானங்களை இங்கிலீஷ் கால்வாய்ப் பக்கம் காத்திருந்து பிடிப்பார். 17 விமானங்கள் அவர் கணக்கில் எழுதப்பட்டன, எல்லாம் ஒரே மாதத்தில். சொன்னபடி அணியில் நிற்காததால் போலந்துத் தலைமைக்கு அவரோடு ஓயாத தலைவலி. கடைசியில் அவரை ஸ்குவாட்ரனின் விருந்தாளியாக வைத்து, தனியே பறக்க விட்டார்கள். ஆனால் அவர் போலந்துக்காரர் இல்லை. செக் நாட்டவர்; 1939இல் தன் நாட்டை ஜெர்மனி விழுங்கியதும் போலந்துக்குத் தப்பி, அவர்களோடு சேர்ந்துகொண்டவர். ‘போலந்து ரத்தம்’ என்று திரை காட்டும் குணம் 303இல் யாரிடம் அதிகம் இருந்தது என்று தேடினால் ஒரு செக்காரரிடம் போய் நிற்கிறோம். போலந்து அதிகாரிகளோ அதை ஒழுங்கீனம் என்று கண்டித்தவர்கள்.

கனடாக்காரருக்குக் கிடைத்தது

படத்தில் நேச நாட்டு விமானி எல்லோருக்கும் இதே கதிதானா என்று கேட்டால், இல்லை. கிறிஸ்டோபர் பிளம்மர் நடித்த ஸ்குவாட்ரன் லீடர் கனடாக்காரர். அவருக்குப் பெயர் இருக்கிறது, தோளில் நாட்டின் பெயர் இருக்கிறது, மனைவி இருக்கிறார், மனைவியோடு மனஸ்தாபம் இருக்கிறது, கடைசியில் விமானத்தில் தீப்பிடித்துக் கருகிப்போகும் துயரம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு மனிதராக மனதில் நிற்கிறார். போலந்துக்காரர்களில் படம் முடிந்தபின் நினைவில் நிற்கும் பெயர் ஒன்றாவது உண்டா? எனக்கு இல்லை. அவர்கள் ஒரு கூட்டம், ஒரு குரல், ஒரு சிரிப்பு.

1940 செப்டம்பர் 6 அன்று தீப்பிடித்த ஹரிகேனிலிருந்து பாராசூட்டில் குதித்து, கடுமையாக எரிந்துபோனவர் 303இன் போலந்துத் தலைவர் கிராஸ்னொடெம்ப்ஸ்கி. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர்களில் அவரும் ஒருவர். மனைவி தூர தேசத்தில், உடம்பெல்லாம் தீக்காயம், தாய்நாடு யார் கையிலோ. எழுத வேண்டிய துயரம் அங்கேயும் இருந்தது.

ஆங்கிலம் பேசுபவருக்குக் குணச்சித்திரம், பேசாதவருக்குக் கூட்டுப் பாத்திரம். விமானிகளைப் பற்றிய பல படங்களில் இந்தப் பாகுபாட்டைப் பார்க்கலாம். இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிஸ் போலந்தில் பிறந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். போலந்துக்காரர்களைக் கதையில் கொண்டுவர வேண்டும் என்ற அக்கறை படக்குழுவில் இருந்தது தெரிகிறது. ஆகவே நான் இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தோடு எடுத்தும் அச்சில் வார்த்த பிம்பம்தான் வந்திருக்கிறது.

எடுத்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1969இல் போலந்து இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிரிட்டனுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய குற்ற உணர்வு உண்டு: எந்தப் போலந்துக்காகப் போரில் இறங்கியதோ அந்தப் போலந்தே கடைசியில் ஸ்டாலினிடம் போனது, 1946 ஜூன் 8 அன்று லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் போலந்துப் படையினர் நடக்கவில்லை. போலந்து விமானிகளிலேயே பெரிய பெயர்களில் ஒருவரான ஸ்டானிஸ்வாஃப் ஸ்கால்ஸ்கி நாடு திரும்பினார். 1948இல் கைதாகி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டு, 1956இல்தான் வெளியே வந்தார். இப்படிப்பட்ட முடிவு கொண்டவர்களை முழு மனிதர்களாகத் திரையில் காட்டினால், பிறகு என்ன ஆனார்கள் என்று பார்வையாளர் கேட்பார். உற்சாகமான ஒரு கூட்டத்தைக் காட்டினால் அந்தக் கேள்வி எழாது. இது என் ஊகம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பல சங்கடங்களை மூடி வைத்தது என்று நம்புகிறேன்.

கண்ணாடியைத் திருப்பினால்

அந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படங்களும் உண்டு. செக் இயக்குநர் யான் ஸ்வெராக்கின் ‘டார்க் ப்ளூ வேர்ல்ட்’ 2001இல் வந்தது. அதில் செக் விமானிகள் இறக்கை கட்டிய சைக்கிள்களில் அணிவகுத்துப் பழகும் காட்சி இருக்கிறது. அதே சிரிப்புதான், ஆனால் இந்த முறை நாம் சைக்கிள் மிதிப்பவரின் பக்கம் நின்று பார்க்கிறோம். அனுபவசாலியைக் குழந்தையாக்கும் எரிச்சல் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு அந்த விமானிகளைச் சிறையில் போட்டதையும் படம் விடவில்லை. அதில் ஆங்கிலேயர்கள்தான் அச்சில் வார்த்தவர்கள்: கண்ணியமானவர்கள், விறைப்பானவர்கள், தேநீர்க் கோப்பையோடு நிற்பவர்கள்.

2024 ஜனவரியில் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் தொடங்கிய ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’ தொடரில் இந்த விஷயம் இன்னொரு முறை திரும்பியது. இங்கிலாந்தின் தோர்ப் அபட்ஸ் தளத்திலிருந்து பறந்த அமெரிக்க 100ஆவது குண்டுவீச்சுக் குழுவின் கதை. இரண்டாவது பகுதியில் ஒரு மதுக்கடை. பகலில் குண்டுவீசப் போவது முட்டாள்தனம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் மேட்டிமையோடு பேசுகிறார்கள். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகிறது. பிரிட்டிஷ்காரர் அடிவாங்கி விழுகிறார். பார்ப்பவருக்குத் திருப்தி. 1969இல் போலந்துக்காரர் இருந்த இடத்தில் இப்போது ஆங்கிலேயர்.

இங்கேயும் காணாமல் போனது காரணம்தான். பிரிட்டிஷ்காரர் இரவில் பறக்க முடிவு செய்தது திமிரிலோ கோழைத்தனத்திலோ இல்லை. 1939 டிசம்பர் 18 அன்று வட கடலில் ஹெலிகோலாண்ட் அருகே பகலில் போன 22 வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களில் 12 திரும்பவில்லை. அந்த அடியில் கற்ற பாடம் அது. அப்படி இரவுக்கு மாறியும் 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் தாக்குதலில் மட்டும் 95 விமானங்கள் போயின. போர் முடியும்போது பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் இறந்தவர்கள் 55,573 பேர். மறுபக்கம், அமெரிக்கர்கள் பகலில் போனதற்கும் அவர்களுடைய காரணங்கள் இருந்தன. 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபர்ட், ரெகன்ஸ்பர்க் தாக்குதலில் 60 விமானங்களைக் கொடுத்தார்கள். இரண்டு தரப்பும் இரவில் தூங்க முடியாமல் விவாதித்திருக்க வேண்டிய விஷயத்தைத் தொடர் ஒரு குத்தில் முடித்துவிட்டது. வேதனை என்னவென்றால், அந்த மதுக்கடையில் நிற்கும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் வயதை ஒத்த பிரிட்டிஷ் விமானப் பணியாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

1969 படத்துக்காக வாதாடுபவர்கள் ஒன்று சொல்வார்கள்: அந்தக் காட்சி இல்லையென்றால் போலந்துக்காரர்கள் அந்தப் போரில் இருந்ததே பலருக்குத் தெரிந்திருக்காது. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். எனக்கே 303 பற்றித் தேடத் தோன்றியது அந்தக் காட்சியால்தான். பிரிட்டன் போரில் பறந்த ஏறக்குறைய 3,000 பேரில் போலந்துக்காரர்கள் 145 பேர். அவர்களுக்குப் படத்தில் ஓர் இடம் கிடைத்ததே பெரிது என்றும் சொல்லலாம். நான் கேட்பது கூடுதல் நிமிடங்களை இல்லை. அதே நிமிடங்களில், முதலில் ரேடியோவில் தகவல் சொல்லும் ஒரு குரல், பதில் வராத ஒரு மௌனம், ஒரே ஒரு ஹரிகேன் பிரிந்து போவது, மற்றவை பிளென்ஹைம்களைச் சுற்றி நெருங்கி வருவது. இவ்வளவுதான். படம்பிடிக்க இதற்கு அதிகச் செலவுகூட ஆகியிருக்காது.

மன்னர் நார்த்தோல்ட்டுக்கு வந்துபோன மறுநாள், 1940 செப்டம்பர் 27, பாஷ்கியெவிச் கென்ட் மாவட்டத்தில் போர்டன் கிராமத்துக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அணியை விட்டுப் பிரிந்த அந்த மாலைக்குப் பின் நான்கு வாரம். அவருடைய 33ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.